முறுக்கை உடைத்துப் பார்த்தவன்

ஆட்டம் தொடங்குமுன்னே அவனுக்கு வேலை தொடங்கிவிடும். நாங்கள் பத்துப் பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். அவன் மட்டும் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து நடந்து அளப்பான். பிறகு எதிரணியின் பக்கம் போய் அதையும் அளப்பான். வலை முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பான். கடைசியாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்ப்பான். கோணல் இல்லாவிட்டாலும் மைதானத்து வாட்ச்மேனைத் தேடிப் போய்க் கேட்பான்.

"கோடு போட்டது யாருங்க?"

"நான்தான் தம்பி. ஏன்?"

"சும்மாதாங்க. யாரு சொல்லிப் போட்டீங்க?"

இதனால் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் சர்வேயர். கயல், இனியா, அவனுடைய சொந்தப் பெயரை உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது பார்த்துவிட்டு, "எதுக்காக எம் பேர எழுதுன? யாரு எழுதச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

உங்கள் அப்பா விருத்தாசலத்தில் கல்லூரிக்குப் போனது இரண்டு வருஷம்தான். அதிலும் வகுப்பில் உட்கார்ந்ததைவிட மைதானத்தில் நின்றதுதான் அதிகம். இன்றைக்குப் பீங்கான் சூளைக்கு முன்னால் நிற்கிற இந்த ஆள் அன்றைக்கு லெஃப்ட் பேக். கோலுக்கு முன்னால், இடது பக்கம். எனக்குப் பின்னால் கோல் கீப்பராகச் சர்வேயர். அதனால் அந்த சீசன் முழுக்க அவன் குரல் என் முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"ஏய், அவன் காலப் பாக்காத. அவன் பொய் சொல்றான். இடுப்பப் பாரு, இடுப்பு பொய் சொல்லாது!"

பஸ் ஏறுவதே அவனுக்கு ஒரு விசாரணை. முன்னால் 'விருத்தாசலம்' என்று போர்டு பெரிதாக இருக்கும். அவன் டிரைவரைக் கேட்பான். பிறகு கண்டக்டரைக் கேட்பான். உள்ளே கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் கேட்பான். ஒருமுறை சேத்தியாத்தோப்பில் அவன் கேட்டு முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நாங்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினோம். அவன் அசையவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தவன் எங்களைப் பார்த்துச் சொன்னது: "அவ்வளோ அவசரமா எடுத்தான் பாரு, என்னாவோ இருக்குது."

கேப்டன் அருளுக்கு அவனைப் பார்த்தாலே தலைவலி. ஆனால் அருள்தான் அவனைப் பற்றி அழகாகச் சொன்னவன். "மாப்ள, இவன் செத்தாக்கூட, டாக்டரு யாருன்னு கேட்டுட்டுதான் சாவான்."

சர்வேயருக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒருநாள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவனை நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா இப்புடி எதையும் நம்பாம இருக்க? ஒனக்கே கஷ்டமா இல்ல?"

"ஒங்க ஊர்ல வரப்பு நடக்குமா?" என்றான்.

"வரப்பு எப்புட்றா நடக்கும்?"

"எங்க ஊர்ல நடக்கும். காலு கெடையாது, ஆனா நடக்கும். பக்கத்து வயலு எங்கப்பாவோட பெரியப்பா மவன்து. வருசா வருசம் வரப்பு மடிச்சிக் கட்டறப்ப அவரு மம்புட்டி நம்ம பக்கமா கொஞ்சூண்டு சாயும். எங்கப்பா 'அண்ணன்தான, நமக்குக் கெட்டதா பண்ணுவாரு'ன்னு இருந்தாரு. நான் ஒன்னாவது போவறப்ப வேப்பமரம் எங்க வயல்ல நின்னுச்சி. இப்ப அவரு வயல்ல நிக்குது. மரமாடா நடந்து போச்சி?"

பஸ் வருகிற பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவனே சொன்னான். "இப்ப அந்த நெலமே நெலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிடும்னு ஒருத்தன் சொல்றான். போவாதுன்னு ஒருத்தன் சொல்றான். எங்க ஊர்ல ஒரு சேதி வந்தா மொதல்ல சொல்றவன் மூஞ்சியத்தான் பாப்போம். சேதி அப்புறந்தான்."

அதற்குப் பிறகு அவன் கோட்டைக் குனிந்து பார்க்கும்போது நான் சிரிப்பதில்லை.

அந்த வருஷம் எங்கள் அணி பெரிய அணி இல்லை. கோல் போடத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனாலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் தோற்காமல் வந்ததற்கு ஒரே காரணம் சர்வேயர். எதிரணி முன்னாட்டக்காரன் வலப்பக்கம் போவதுபோல் உடம்பை ஆட்டி இடப்பக்கம் போவான். எங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டு இவனிடம் வந்து நிற்பான். இவன் அசைய மாட்டான். கையை விரித்துக்கொண்டு, யாரோ கடன் கேட்க வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பான். வந்தவன் குழம்பி, இவன் கைக்கே பந்தை அடித்துவிட்டுப் போவான்.

"ஏமாத்தணும்னா மொதல்ல நாம நம்பணும்ல? நான் நம்புனாத்தான?" என்பான்.

இதுவரை சொன்னது சிரிக்கிற பகுதி. பெண்ணாடம் பக்கத்துக் கல்லூரியோடு ஆடப் போன நாளிலிருந்து அது மாறிப்போயிற்று.

அந்த அணியின் முன்னாட்டக்காரன் யார் தெரியுமா? உங்கள் மாமாதான். அதாவது என் தாய்மாமா மகன், என் மச்சான். சின்ன வயதில் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனால், கரும்பு வெட்டின கொல்லையில் இரண்டு பேரும் அடிக்கட்டை குத்தக் குத்தப் பந்து ஆடுவோம். அவன் இடது காலன். சோறு அள்ளுவது வலது கையில், பந்தை அடிப்பது இடது காலில்.

நல்ல வெயில். அந்தக் கல்லூரிப் பையன்கள் எங்களுக்கு ஒரு குடம் மோர் கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் பாய்ந்து குடித்தோம். சர்வேயர் தன் டம்ளரை மோந்து பார்த்தான். பிறகு அங்கே படுத்திருந்த நாய்க்கு ஊற்றினான். நாய் எழுந்து நக்கியது, மறுபடியும் படுத்துக்கொண்டது.

"பாத்தியா! படுத்துக்கிச்சி!"

"இந்த வெயிலுக்கு நாயி படுக்காம, பின்ன பரதநாட்டியமா ஆடும்?" என்றான் அருள். எல்லோரும் சிரித்தோம். சர்வேயர் சிரிக்கவில்லை. தன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தான்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஆனால் அவர்கள் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை சர்வேயரின் இடது பக்கமே வந்தன. இடது பக்கம், தோளுக்கு மேலே. எப்படியோ தட்டித் தட்டி விட்டான். முடிந்ததும் என் மச்சான் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மஞ்சப் பையைக் கொடுத்தான்.

"அம்மா குடுத்துச்சி மச்சான். அத்தைக்கு."

திரும்பினால் சர்வேயர் பின்னால் நிற்கிறான்.

"பையில என்னா?"

"முறுக்குடா. எங்க மாமா வீட்ல சுட்டது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? தின்றதுக்குத்தான்!"

பையை வாங்கி ஒரு முறுக்கை எடுத்தான். இரண்டாக உடைத்து உள்ளே பார்த்தான். தின்னாமல் இரண்டு துண்டையும் பைக்குள்ளேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

பஸ்ஸில் அருள் அவனைக் கிண்டல் பண்ணப் போனான். சர்வேயர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து நின்றான். நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அருளு, போன வாரம் ஒங்கிட்ட நான் என்னா சொன்னன்?"

"வெயில்ல வலது கண்ணு கூசுதுன்ன."

"முருகவேலு, ஒங்கிட்ட?"

"முட்டி வலின்ன."

"எல்லாம் பொய்யி. ஆளுக்கு ஒன்னு சொல்லி வச்சேன். எது வெளிய போவுதுன்னு பாக்கணும்ல." என் பக்கம் திரும்பினான். "ஒங்கிட்ட என்னா சொன்னன்?"

இடது தோள் இறங்கி இறங்கிப் போகிறது, மேலே பாய முடியவில்லை, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லியிருந்தான்.

"இடது தோளு," என்றேன்.

முறுக்குப் பை என் மடியில் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை, பிள்ளைகளே. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. இடது காலன் வேகமாகத் திருப்பி அடித்தால் பந்து கீப்பரின் இடது பக்கம்தான் போகும் என்று அருளிடம் விளக்கினேன். அருள் தலையை ஆட்டினான். ஆனால் அன்றைக்கு அவர்கள் அணியில் மற்றவர்களும் அங்கேயே அடித்தார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சந்தேகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நம்மைப் பிடித்த பிறகு நமக்கே நம்மேல் வரும். மச்சானோடு போனில் பேசியதையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டான், வருகிறேன் என்றேன். அந்தப் பேச்சுக்குள் தோள் எங்கே வந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் போனால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. கார்னர் அடிப்பதைப் பற்றி அருள் தரையில் குச்சியால் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பான். நான் போய்க் குந்தினால், பக்கத்தில் இருப்பவன் காலால் மண்ணைத் தள்ளிப் படத்தை மூடிவிடுவான்.

கடைசியில் இறுதி ஆட்டத்துக்கு நாங்களும் வந்தோம், பெண்ணாடம் பக்கத்து அணியும் வந்தது. ஆட்டம் எங்கள் மைதானத்தில். முதல் நாள் சர்வேயர் அருளிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டான்: "அவன் எறங்குனா நான் எறங்க மாட்டேன்."

அருள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, ஒனக்குப் பதிலா ஓடறதுக்கு ஆளு இருக்குது. அவனுக்குப் பதிலா நிக்கறதுக்கு யாரு இருக்கா, சொல்லு."

"நான் காட்டிக் குடுத்தேன்னு நீ நம்புறியா?"

"அது வேற, இது வேற மாப்ள."

அது வேறு இல்லை. நான் உட்கார்ந்தால் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று ஆகிவிடும். கல்லூரி முழுக்க வந்து பார்க்கப்போகும் ஆட்டத்தில், அவர்கள் கண் முன்னால், கோட்டுக்கு வெளியே. கப்பு வந்தாலும் வராவிட்டாலும் என் பெயர் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் வேண்டுதல்.

உங்கள் தாத்தா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, தன்னோடு வேலை செய்கிறவர்களையும் அழைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"ஏன்டா குந்தியிருக்க? காலுல அடியா?"

"ஆமாம்பா," என்றேன். அவர் என் இரண்டு காலையும் பார்த்தார். பிறகு போய்க் கூட்டத்தில் நின்றுகொண்டார்.

எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கிடையாது. இந்த ஊரில் உடைந்த பீங்கானுக்கா பஞ்சம்? கம்பெனிகளில் அரைத்து மிச்சமாகும் வெள்ளைத் தூளைச் சாக்கில் வாங்கிவந்து போடுவோம். அன்றைக்கு வெயிலில் அந்தக் கோடு கண்ணைக் கூசவைத்தது. சர்வேயர் வழக்கம்போல அளந்தான், குனிந்து பார்த்தான். என்னைக் கடந்து போகும்போது மட்டும் பார்க்கவில்லை.

அணிக்கொரு கோல். நேரம் முடிந்துவிட்டது. பெனால்டி என்றார் ரெஃப்ரி.

இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தார்கள். சர்வேயர் கோட்டின் மேல் நின்று, பந்து காலை விட்டுக் கிளம்பின பிறகுதான் அசைந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். மற்ற கீப்பர்கள் ஏதோ ஒரு பக்கம் போகும் என்று நினைத்து முன்னாலேயே பாய்வார்கள். இவன் தன் நினைப்பைக்கூட நம்ப மாட்டான். கண்ணால் பார்த்த பிறகுதான் விழுவான். அப்படியும் ஒன்றைத் தடுத்துவிட்டான். எங்கள் பக்கம் இரண்டு வெளியே போயிருந்தன. கடைசியாக என் மச்சான் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தான். அது கோலானால் கப்பு அவர்களுக்கு.

சர்வேயர் கையைத் தூக்கி ரெஃப்ரியிடம் தண்ணீர் என்று காட்டினான். அவன் பாட்டில் நான் இருந்த பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது. ஓடிவந்தான், குனிந்து எடுத்தான். குடிக்கவில்லை.

"ஒன் மச்சான் எந்தப் பக்கம் அடிப்பான்?" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வியர்வையில் வெள்ளைத் தூள் ஒட்டி முகமே அடையாளம் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் இவன் அதற்கு எதிர்ப்பக்கம் விழுவான் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியானால் பொய்தான் சொல்ல வேண்டும். பொய் சொல்லி, அதை இவன் நம்பிவிட்டால்? அங்கே என் மச்சான் பந்தை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கரும்புக் கொல்லையில் என்னோடு ஆடினவன். அவனைப் பற்றித்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன்.

"ஒனக்கு இடது பக்கம். தரையோட வரும்," என்றேன். "சின்ன வயசுலேந்து அவன் அங்கதான் அடிப்பான்."

வழக்கமாக அவன் 'யாரு சொன்னது' என்று கேட்பான். கேட்கவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.

ரெஃப்ரி விசில் ஊதினார். சர்வேயர் இடது பக்கம் விழுந்தான். பந்து வலது பக்கம், ஒருவரும் இல்லாத மூலைக்கு, உருண்டுகொண்டு போயிற்று.

பெண்ணாடம் பையன்கள் என் மச்சானைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் அணியில் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். அவன் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போனதை மைதானமே பார்த்திருந்ததே. சர்வேயர் விழுந்த இடத்திலேயே கிடந்தான். எழுந்தபோது உடம்பில் இடது பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவன் பாட்டில் என் கையில். நான் அதை நீட்டினேன். வாங்காமல் போய்விட்டான்.

அந்த வாரமே நான் மாமா வீட்டுக்குப் போனேன். என் மச்சான் என்னைக் கண்டதும் சிரித்தான். ஆனால் சிரிப்பு சரியில்லை.

"என்னயக் காட்டிக் குடுத்துட்டல்ல மச்சான்?"

"என்னாடா சொல்ற?"

"அவன் ஒங்கிட்ட ஓடியாந்து குனிஞ்சப்பவே தெரிஞ்சி போச்சி. நீ சொல்லியிருப்ப. அதனாலதான் மாத்தி அடிச்சேன். இல்லன்னா எப்பவும் அடிக்கற பக்கந்தான் அடிச்சிருப்பேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பு எங்கள் அணி என்மேல் போட்ட பழி பொய். அன்றைக்கு இவன் சொன்னது நிஜம். இரண்டையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

"நீ வந்து இத அவங்கிட்ட சொல்லணும்," என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மச்சான் நல்லவன். முனகிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

கம்மாபுரத்தில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் சர்வேயர் உட்கார்ந்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் இறங்கி ஒன்றாக நடந்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, நான் தனியாக வந்திருக்க வேண்டும் என்று. தனியாக வந்திருந்தாலும் வேறு ஏதாவது இருந்திருக்கும்.

என் மச்சான் எல்லாவற்றையும் சொன்னான். ஒளிக்காமல் சொன்னான். சர்வேயர் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு கேட்டான்.

"பஸ்ஸுல வரப்பவே பேசி வச்சிட்டு வந்திங்களா?"

"எங்கம்மா மேல சத்தியமா இல்லங்க," என்றான் மச்சான்.

"அவரு சொல்றது நெஜம்டா," என்றேன் நான். பதற்றத்தில் என் மச்சானையே யாரோ போல 'அவரு' என்று சொல்லிவிட்டேன். சர்வேயர் அதையும் கவனித்தான்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோட்டைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கவும் இல்லை. களைத்துப்போனவன் பார்ப்பதுபோல இருந்தது.

"சரி, நம்பிட்டேன்னே வச்சிக்க," என்றான். "இப்ப ஒனக்கு என்னா வேணும்?"

நாங்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. பழைய அணிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது முறுக்குப் படம் போட்டுச் சிரிப்பார்கள். அருள் சிரிப்பதில்லை. நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று எழுதுவதும் இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்டதை ரொம்ப நாள் யோசித்தேன். கேட்டு வாங்க ஒன்றும் மிச்சம் இல்லை. அன்றைக்குப் பெஞ்சிலிருந்து நான் நன்றாகப் பார்த்தேன். மற்றவர்கள் என் மச்சானின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் சர்வேயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் ஓடிவரத் தொடங்கும்போதே, கால் பந்தில் படுவதற்கு வெகு முன்னாலேயே, சர்வேயர் கிளம்பிவிட்டான். பாதி மனதோடு சாய்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டு கையையும் நீட்டி, முழு உடம்பையும் தூக்கி, நான் சொன்ன பக்கத்துக்கு.